மாமா பொட்டு வைத்த லென்ஸ்

அந்த லென்ஸைக் கையில் எடுத்து, சற்றே சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் கறை தெரியும். முன்கண்ணாடியில், நடுவைவிட்டுக் கொஞ்சம் கீழே, பட்டாணி அளவுக்கு மஞ்சள் பூத்த ஒரு வட்டம். அதைச் சுற்றி, தேய்த்துத் தேய்த்துப் பழசான எவர்சில்வர் தட்டில் இருப்பதுபோல மெல்லிய கீறல்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமரா பிடிக்கிறவர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் இதை எடுத்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் துடைக்கப் போவார்கள். "அது போகாதுங்க, விடுங்க" என்பேன். "ஐயையோ, மேல்பூச்சே போயிடுச்சே, யார் பண்ண வேலை இது?" என்று பதறுவார்கள். எங்க மாமா பண்ண வேலை என்று சொல்லும்போது என் முகத்தில் ஒரு திமிர் வருகிறது என்று அக்கா சொல்வாள். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இன்று ஆயுத பூஜை. அடுத்த வாரம் நான் மறுபடியும் வெளிநாடு போகிறேன். கட்டிலின் மேல் அக்காவின் பழைய சேலையை விரித்து, கேமராக்களையும் லென்ஸ்களையும் பேட்டரிகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். விமானத்தில் நம்மோடு உள்ளே கொண்டுபோக விடுவது ஒரு சின்னப் பைதான். கண்ணாடிச் சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கீழே அனுப்ப எந்தப் புகைப்படக்காரருக்கும் மனசு வராது. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் இந்தக் கட்டிலில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். இந்த முறை பஞ்சாயத்து இரண்டே பேருக்கு நடுவில். ஒன்று, கறை படிந்த இந்தப் பழைய லென்ஸ். அதன் உள்ளே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள் போன மழைக்காலத்தில் சிக்கிக்கொண்டு விட்டன, இனிமேல் ஓடாது. இன்னொன்று, அதே அளவில் நான் வாங்கியிருக்கும் புதுசு. கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். யோசிக்க இருக்கிறது. அதற்கு எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரியின் டிரைவர். அக்காவைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கே குடிவந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் அவருக்கு. வீட்டுக்குள் அவர் தண்ணீர் கேட்டால் தெருக்கோடி வீட்டில் யாராவது சொம்பை எடுப்பார்கள். ரகசியம் பேசுகிறேன் பேர்வழி என்று அக்காவிடம் அவர் சொன்னதெல்லாம் மறுநாள் குழாயடியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தன் டிரெய்லரை 'உங்க அக்காவுக்கு மூத்தவ' என்பார். "அப்ப மூத்தவ கையாலயே போய்ச் சோறு துண்ணு" என்று அக்கா தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். அளப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய்வந்த கதையைச் சொன்னாலும் இமயமலை ஏறி இறங்கினதுபோல இருக்கும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு எழுந்ததாகவே எனக்கு நினைவில்லை. ஒருநாள் சாயங்காலம் என் புத்தகப் பையும் துணி மூட்டையும் டிரெய்லரின் முன்சீட்டில் ஏறி வந்தன, அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு, மசூதித் தெருவில் நிக்காஹ் என்று வாரம் முழுக்க வேலை இருக்கும். பெண்கள் பக்கம் போய்ப் படம் எடுக்கப் பெண் வேண்டும் என்று என்னைத்தான் அனுப்புவார்கள். அதிலேயே கை பழகி, பிறகு பத்திரிகைகளுக்குத் தனியாகப் படம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். உறவில் ஒரு பெரியவருக்கு இது பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வீட்டுக்கு வந்து, "பொம்பளப் புள்ள கய்த்துல கேமராவ மாட்டிகினு கண்ட எடத்துல நிக்குது. நாளைக்கி எவன் வந்து தாலி கட்டுவான்?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். மாமா அப்போது மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "ஏன்பா, கேமரா மாட்டுன கய்த்துல தாலி கட்ட எடம் இருக்காதா? அவ்ளோ குட்டக் கய்த்தா அதுக்கு?" என்றார். பெரியவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு கேமராவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. எவ்வளவு பெரிய சண்டையை அந்த மனுஷர் ஒரு வாய்ச் சோற்றோடு எனக்காக முடித்துவைத்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்த லென்ஸ் என் சொந்தச் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய முதல் லென்ஸ். அகலமாகப் பார்க்கும் கண்ணாடி. நெருக்கடியான மண்டபத்திலும் லாரிகளின் இடுக்கிலும் நின்று எடுக்க அதைவிட நல்லது இல்லை. வாங்கிய வருஷமே ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் தீபாவளியைக்கூட ஒப்புக்குக் கொண்டாடுகிறவர்கள் உண்டு, ஆயுத பூஜையை அப்படி விட மாட்டார்கள். லேத்துப் பட்டறை, வெல்டிங் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கிரேன் நிற்கிற யார்டு, எல்லா இடத்திலும் பொரி கடலையும் ஸ்பீக்கரும்தான். மாமா முதல்நாளே டிரெய்லரைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நெற்றிக்கு மாலை போட்டுவிடுவார். சந்தனத்தூளில் மஞ்சளையும் பன்னீரையும் விட்டு ஒரு வாளியில் கரைப்பார். மூன்று விரலால் பட்டை, நடுவில் குங்குமம். ஹெட்லைட் இரண்டுக்கும் மட்டும் தனியாக, தட்டு அளவுக்கு வட்டமாகச் சந்தனம் அப்பி, மோதிர விரலால் பொட்டு வைப்பார். வண்டிக்கு அதுதான் கண் என்பது அவர் கணக்கு. கண்ணுக்குப் பொட்டு வைத்துவிட்டால் வருஷம் முழுக்க வண்டிக்கு வழி தெரியுமாம்.

தெருவில் பூஜை முடிந்ததும் வீட்டில். கூடத்தில் பாய் விரித்து ஸ்பேனர், ஜாக்கி, அக்காவின் தையல் மிஷின், அரிவாள்மணை எல்லாம் வரிசையாக இருக்கும். என் கேமராவை மாமாவே எடுத்து நடுநாயகமாக வைத்தார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கற்பூரம் காட்டக் கூப்பிட்டார் என்று வந்து பார்த்தால், லென்ஸின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார். முன்கண்ணாடியில் கெட்டியாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். "மாமா, மூடி மேலயே வெச்சிருக்கலாமே" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக. "இன்னாம்மே பேசற? கண்ண மூடிகினு கீற ஆளுக்கு எவனாவது பொட்டு வெப்பானா?" என்றார். கூடியிருந்த கிளீனர்களும் டிரைவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. துடைக்கவும் முடியாமல், தூங்கவும் முடியாமல், அந்தச் சந்தனம் காய்ந்து வெடிப்பதைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்டது அதோடு நிற்கவில்லை. காலையில் நான் எழுந்து வருவதற்குள் மாமா எழுந்து, குளித்து, டிரெய்லரின் ஹெட்லைட்டைத் துடைத்த கையோடு என் லென்ஸையும் துடைத்து முடித்திருந்தார். சோப்புத் தண்ணீர், லாரி ஷெட்டில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட். அதில் மண் இருக்கும், இரும்புத்தூள் இருக்கும், என்னதான் இருக்காது? கறை லேசில் போகவில்லை என்று அழுத்தித் தேய்த்திருக்கிறார். "பாரு, எப்டி சோக்கா ஆக்கிட்டேன். கண்ணாடி தொடைக்கிற வேலைய நம்ம கைல குடுத்துட்டு நீ நிம்மதியா குந்து" என்று நீட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். வாங்கிப் பார்த்தேன். "சூப்பர் மாமா" என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்காவுக்குச் சந்தேகம் வந்து கதவைத் தட்டி விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். "இரு, அந்த ஆள இன்னிக்கி இன்னா கேக்கறேன் பாரு" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவரிடம் இதைச் சொல்லவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். எனக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவர், ஆசை ஆசையாகச் செய்த காரியம் இது. கண்ணாடி போனால் வேறு வாங்கலாம், அந்த முகம் வாடினால் நான் எங்கே போய் என்ன செய்வது?

மவுண்ட் ரோடில் பழுது பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். நான் அதோடேயே பழகிக்கொண்டேன். அடுத்து வந்த ஆயுத பூஜைகளுக்கும் கேமராவில் இதையே மாட்டி வைத்தேன், கெட்ட கண்ணாடி மேலேயே பொட்டு விழட்டும் என்று. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் படத்தில் ஒரு குறையும் தெரியாது. எதிரே சூரியனோ விளக்கோ இருந்தால் மட்டும் ஒளி கண்ணாடியில் பட்டுக் கலங்கி, படம் முழுக்கச் சாம்பிராணி போட்டதுபோல ஆகிவிடும். அதனால் எதிர்வெளிச்சத்தில் அதை எடுப்பதே இல்லை என்று வைத்திருந்தேன்.

ஒரே ஒருநாள் தவறிவிட்டது. துறைமுகத்துக்குள் போக முடியாமல் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பது எங்களுக்குப் பழகின காட்சி. சில சமயம் காசிமேடு தாண்டிக் காத்திவாக்கம் வரைக்கும்கூட நிற்கும். வண்டியை விட்டு இறங்கவும் முடியாது, போகவும் முடியாது. டிரைவர்கள் அங்கேயே பல் துலக்கி, அங்கேயே பொங்கி, அங்கேயே துணி உலர்த்துவார்கள். அப்படி மாட்டிக்கொண்டிருந்த மாமா விடிகாலையில் போன் பண்ணினார். "இன்னாம்மே, தூங்கிகினு கீறியா? கடலு மேல சூரியன் தகதகன்னு வருது பாரு. ஜல்தி வா, பூடும்." என் நல்ல லென்ஸ் அன்று நண்பன் ஒருவனிடம் இருந்தது. கையில் இருந்தது இதுதான். போய், எதிரில் நின்ற காலி டிரெய்லரின் மேல் ஏறி நின்று எடுத்தேன். பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொள்ளும் ஒருவர். வண்டிக்கு அடியில் உட்கார்ந்து கஞ்சி வடிக்கும் ஒருவர். கேபினில் இருந்து காலைத் தொங்கப்போட்டு, டீ கிளாஸைத் தூக்கி எனக்குக் காட்டும் மாமா. அவர்களுக்குப் பின்னால் கடல், அதற்கு மேல் முழுச் சூரியன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாவற்றின் மேலும் ஒரு பொன் புகை. லாரி எது, மனுஷன் எது, தூசி எது என்று பிரிக்க முடியாமல் ஒரே வெளிச்சமாகக் கிடந்தது. வீணாய்ப் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வீணாய்ப் போன படம்தான் என்னை விமானம் ஏற்றியது. உலகத்துத் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தில், ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் படங்கள் அனுப்பியிருந்தேன். கணக்குக்கு ஒன்று குறைகிறதே என்று கடைசியில் இதையும் சேர்த்திருந்தேன். மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வீடியோவில் கூப்பிட்டுப் பேசிய பெண்மணி, அந்த ஒளியை எப்படிக் கொண்டுவந்தீர்கள், எவ்வளவு பொறுமை வேண்டும் அதற்கு என்று உருகினார். நான் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். ஹாம்பர்க்குக்கு வந்து எங்கள் ஊர் டிரைவர்களையும் இதே ஒளியில் எடுத்துக்கொடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம் என்றார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் நின்ற வண்டி வண்டியாக ஏறிப்போய், "நம்ம மச்சினி ஜெர்மன் போவுது. எல்லாம் நான் வெச்ச பொட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொட்டுதான் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதைத் தவிர்த்தோம்.

அந்த முதல் பயணத்துக்குச் சாமான் எடுத்துவைத்ததுபோல இன்னொரு பாடு நான் பட்டதில்லை. பத்திரிகை நண்பன் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பெரிய ஜூம் லென்ஸைக் கொண்டுவந்து கொடுத்து, "அந்தக் குப்பையை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதே. வெளிநாட்டுக்காரன் முன்னாடி மானம் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் சுத்தமான கண்ணாடியில் எடுத்தால் அவர்கள் கேட்ட ஒளி வராது. கறைக் கண்ணாடியை எடுத்துப்போய், அங்கே வெயிலே இல்லாமல் அது வெறும் மங்கலாக எடுத்துவைத்தால்? அதைவிட எனக்கு உள்ளுக்குள் குடைந்தது வேறு. அவர்கள் மெச்சியது என் கைவேலையை. உண்மையில் அது பனியன் வேஸ்ட் செய்த வேலை. நான் பித்தலாட்டக்காரியா என்ற கேள்வி சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது. கடைசியில் மானத்துக்குப் பயந்து நண்பனின் லென்ஸைப் பையில் வைத்தேன். பழையதைத் துணி அலமாரியில், மடித்த சுடிதார்களுக்குக் கீழே ஒளித்தேன்.

பயணத்துக்கு முதல்நாள். மத்தியானம் மாமா லாரி ஷெட்டிலிருந்து நேராக வந்தார், பை கட்டுவதை மேற்பார்வை பார்க்க. லோடு ஏற்றுவது அவருடைய சாம்ராஜ்யம். அதில் அவர் இல்லாமல் எப்படி? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கட்டி முடித்த பையைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே போட்டார். "வெயிட்டு அடில போடு. ஒடையறத நடுல போடு. ஒயுங்கா கட்டு. கட்டாத லோடு ரோட்டுல தான் கெடக்கும்." அக்கா பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு நின்றாள், அதை எப்படியாவது நுழைத்துவிட வேண்டும் அவளுக்கு. மாமா ஜூம் லென்ஸைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மே இது, பீரங்கி மாறி கீது?"

"ப்ரெண்டோடது மாமா. நல்ல லென்ஸு."

"சரி, இருக்கட்டும். நம்மது எங்க?"

"எது மாமா?"

"இன்னா எது? நான் பொட்டு வெச்ச கண்ணு. அந்தப் போட்டோ எடுத்துச்சே, அது."

"அது பயசாயிடுச்சி மாமா. இருக்கட்டும் வூட்ல."

"பயசுன்னா வுட்டுட்டுப் பூடுவியா? அதான உன்ன இட்டுனு போவுது? டபாய்க்காத, எடு."

அக்கா அடுப்படிப் பக்கம் நழுவினாள். எனக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. அலமாரியைத் திறந்து லென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். சந்தனம் காய்ந்தது, பனியன் வேஸ்ட், பழுது பார்க்கிறவர் கையை விரித்தது, எதிர்வெளிச்சத்தில் படம் கலங்குவது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துகொண்டே போனது. எந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை வருஷம் மறைத்தேனோ அந்த முகம்.

"பொட்டுலயா, நான் தொடச்சதுலயா?" என்றார்.

"ரெண்டுலயும் மாமா."

"ஏன்மே அன்னிக்கே சொல்லல?"

"நீ எவ்ளோ ஆசையா தொடச்சிக் குடுத்த. எப்டி சொல்றது?"

லென்ஸோடு எழுந்து தெருவாசலுக்குப் போய் நின்றுவிட்டார். அக்கா எட்டிப் பார்த்து, "முடிஞ்சிது. இன்னும் ஒரு வாரத்துக்கு அந்த மனுசன் சோறு துண்ண மாட்டான்" என்று என்னை முறைத்தாள். எனக்கு, இந்தப் பயணமே வேண்டாம், சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று வந்தது. வாசலில் அவர் லென்ஸைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அந்த வெளிச்சத்துக்குத்தான உன்ன கூப்டுகிறாங்கோ?"

"ஆமா மாமா."

"அந்த வெளிச்சம் இந்தக் கறையாலதான வந்துச்சி?"

"ஆமா."

"அப்ப அந்தப் போட்டோவுல பாதி நான் எடுத்தது!"

தெருவே அதிரும்படி சொன்னார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரிடமும் சொன்னார். "பாதி போட்டோ நம்மதுப்பா. ஜெர்மன்காரன்கிட்ட சொல்லி நம்ம பேரும் போடணும்மே, ஆமா." அக்கா அடுப்படியில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பித்தலாட்டம் என்று நான் மருகிக்கொண்டிருந்ததை அவர் ஒரே போடாகப் பங்கு பிரித்து எடுத்துக்கொண்டார். பாதி அவருடையது என்றால் மீதிப் பாதி என்னுடையதுதானே? அந்தக் கணக்கு எனக்குப் போதுமாக இருந்தது. பீரங்கி அலமாரிக்குப் போயிற்று. கறைக் கண்ணாடி, மாமாவின் மஞ்சள் துணியில் சுற்றப்பட்டு, பையின் நடுவில் உட்கார்ந்தது. மிச்சமான இடத்தில் கருவாடு நுழைந்தது, அக்காவுக்கும் வெற்றிதான்.

ஹாம்பர்க்கில் போய் இறங்கினால் சூரியன் என்ற ஒன்றையே காணோம். குளிர்காலம். வானம் நாள் முழுக்க அழுக்குப் போர்வை மாதிரித் தொங்கியது. மஞ்சள் சட்டையும் தொப்பியும் கொடுத்து என்னைத் துறைமுகத்துக்குள் அழைத்துப் போனார்கள். நம் துறைமுகத்தைவிடப் பத்து மடங்கு பெரிசு, ஆனால் ஆள் நடமாட்டமே இல்லை. கிரேன்கள் தாமாகவே நகர்ந்தன. எடுத்த படமெல்லாம் உப்புச் சப்பில்லாமல் வந்தது. துறைமுக வாயிலுக்கு முன்னால் மட்டும் லாரிகள் நின்றன. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. டிரைவர்கள் கீழே இறங்குவதில்லை, பொங்குவதில்லை, கேபினுக்குள் அமைதியாகக் காத்திருந்தார்கள். ஆனால் ஸ்டியரிங்கின் மேல் முழங்கையை ஊன்றி, முன்னால் இருக்கிற வண்டியின் பின்புறத்தையே வெறிக்கிற அந்தப் பார்வை மாமாவுடையதுதான். அதற்கு ஊர் வித்தியாசம் கிடையாது போலிருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. இனி ஒன்றும் ஆகாது என்று கேமராவைப் பையில் வைக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து வரிசை முழுக்க ஹெட்லைட் போட்டார்கள். மூன்றாவது வண்டியின் டிரைவர், நடுவயசுப் பெண்மணி ஒருவர், ஜன்னலை இறக்கித் தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவருக்குக் கீழே இரண்டு விளக்குகளும் நேராக என் லென்ஸில் அடித்தன. மாமாவின் கறை விழித்துக்கொண்டது. அதே பொன் புகை. சூரியன் வராத ஊரில், வண்டிக்கு எது கண் என்று மாமா சொல்வாரோ அதிலிருந்தே வந்தது. நான் அந்தக் குளிரில் மூக்கு ஒழுக நின்றுகொண்டு, "மாமா, மாமா" என்று முணுமுணுத்தபடி எடுத்துத் தள்ளினேன்.

கண்காட்சியில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து மாட்டினார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையும் ஹாம்பர்க்கும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன. படத்துக்குக் கீழே வைக்கும் அட்டையில் இன்னும் ஒரு வரி வேண்டும் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டு, முழுக் கதையையும் சொன்னேன். ஒளியை மெச்சியதற்கு வருத்தப்படுவாரோ என்று பயம்தான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வரியைத் தமிழிலேயே போடலாம், நீங்களே எழுதுங்கள் என்றார். என் பெயருக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன்: 'பொட்டு: எங்க மாமா, டிரெய்லர் டிரைவர், திருவொற்றியூர்.' அட்டையைப் போட்டோ பிடித்து அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன். "இன்னாம்மே, பேரப் போடச் சொன்னா மாமான்னு போட்டுகீற? எவனுக்குத் தெரியும் நான்னு?" என்று சத்தம். அப்புறம் அவரே, "பரவால்ல வுடு. இங்க கீறவன் எல்லாருக்கும் நான் மாமாதான்" என்றார். நான் திரும்பி வருவதற்குள் எண்ணூர் முதல் ராயபுரம் வரை அந்த அட்டையைப் பார்க்காத டீக்கடை பாக்கி இல்லை. இந்தக் குறிப்பிலும் அவர் பெயரை நான் எழுதாததற்கு அதுதான் காரணம்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இடுப்பு வலியால் மாமா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இப்போது மணலி பக்கத்தில் ஒரு லாரி ஷெட்டில் வண்டிகளை மேற்பார்வை பார்க்கிறார். குரலும் அளப்பும் அப்படியே இருக்கின்றன. ஒன்றுதான் மாறியது. அந்தப் பயணத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தார், தையல் மிஷினுக்கு வைத்தார். என் கேமராவுக்கு மட்டும் லென்ஸ் மூடியின் மேல், ஓரமாக, பட்டும் படாமலும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பாதி போட்டோ என்னுது என்று ஊரெல்லாம் முழங்கிய மனுஷர். அன்று வாசலில் நின்ற கொஞ்ச நேரத்தில் உள்ளே எதையோ முழுங்கிக்கொண்டுதான் திரும்பி வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்றும் கூடத்தில் பாய் விரித்தாயிற்று. "இன்னாம்மே, உன் சாமான எடுத்துனு வா, கற்பூரம் ஏத்தணும்" என்று மாமா கூப்பிட்டுவிட்டார். பழைய லென்ஸையும் புது லென்ஸையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனேன். பழையதைக் கேமராவுக்குப் பக்கத்தில் பாயில் வைத்தேன். அதற்கு ஓய்வு. மாமா சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்து, புது லென்ஸின் மூடியை நோக்கி விரலைக் கொண்டுபோனார். நான் மூடியைக் கழற்றிவிட்டு லென்ஸை அவர் முன்னால் நீட்டினேன்.

"இன்னாம்மே பண்ற? புச்சு கண்ணாடி. வேணாம்."

"வை மாமா."

"கறை ஆயிடும்மே."

"கண்ண மூடிகினு கீற ஆளுக்கு எவனாவது பொட்டு வெப்பானா?"

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்தார், மறுபடி சந்தனத்தில் தொட்டார், கண்ணாடியில் நடுவைவிட்டுக் கொஞ்சம் கீழே, அதே இடத்தில் வைத்தார். அதன் மேல் குங்குமம். "நாளைக்கி காலைல வரைக்கும் இத எவனும் தொடக் கூடாது, சொல்ட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, அவரிடம் நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"காலைல நானே தொடச்சிக் குடுக்கறேன்."